நைரோபிப் பட்டறையில் பத்து வாரம்: முதலில் ஜெட், பிறகு மோட்டார்

முதல் நாள் பாடம் எதுவும் எடுக்கவில்லை. "ஆளுக்கு ஒரு பிளக் கழற்றிக்கொண்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னேன். பட்டறைக்கு வெளியே நின்ற போடா போடா (வாடகை பைக்) வண்டிகளிலிருந்து 22 ஸ்பார்க் பிளக் வந்தன. பழைய செய்தித்தாளை விரித்து வரிசையாக வைத்தோம். 17 பிளக்கின் முனை உலர்ந்த அடுப்புக்கரி மாதிரி இருந்தது. மூன்றில் எண்ணெய்ப் பிசுக்கு. பெட்ரோல் சரியாக எரிந்தால் வரும் அந்தக் காபித்தூள் நிறம் இரண்டே இரண்டில்தான் இருந்தது.

இடம் நைரோபியின் கிழக்கே கரியோபாங்கி லைட் இண்டஸ்ட்ரீஸ். தகரக் கூரைகள், வெல்டிங் பொறி, வாசலிலேயே எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் பையன்கள். இந்த மாதிரித் தொழிலுக்கு ஸ்வாஹிலியில் 'ஜுவா காலி' என்று பெயர். கடும் வெயில் என்று அர்த்தம். கூரையில்லாமல் வெயிலில் நின்று செய்கிற வேலை. மெக்கானிக்குக்கு 'ஃபுண்டி'. கையில் தொழில் உள்ள யாரும் ஃபுண்டிதான். ஓசூரில் 20 வருடமாக இருசக்கர வண்டி வேலை பார்க்கும் என்னைப் பத்து வாரப் பயிற்சி கொடுக்க அழைத்திருந்தார்கள். பாதி நாள் பெட்ரோல் வண்டியின் புகையைக் குறைப்பது, மீதி நாள் ஒரு பழைய பைக்கை மின்வண்டியாக மாற்றுவது என்று திட்டம்.

அது 2023 செப்டம்பர். மாதத் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் முதல் காலநிலை உச்சி மாநாடு இதே ஊரில் நடந்தது. மாத நடுவில் பெட்ரோல் லிட்டர் 211 ஷில்லிங் ஆனது. 200ஐத் தாண்டியது அதுதான் முதல் தடவை. வண்டி ஓட்டுகிறவர்கள் பேசியதெல்லாம் இரண்டாவதைப் பற்றித்தான். எனக்கும் அதுவே வசதியாக இருந்தது. புகையாகப் போவது அவர்கள் காசு கொடுத்து வாங்கிய பெட்ரோல் என்பதை நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிளக் ஏன் கருப்பு? முதல் காரணம் ஊரின் உயரம். நைரோபி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,700 மீட்டர். ஏற்காட்டைவிட உயரம், குன்னூரைவிடக் கொஞ்சம் கீழே. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைதான் ஜெட். சமவெளிக்கு வைத்த ஜெட்டோடு வண்டி இங்கே ஓடினால் காற்று போதாது, பெட்ரோல் மிஞ்சும். மிஞ்சியது கரியாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் சைலன்சர் வழியே போகும். கரி கண்ணுக்குத் தெரியும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதனால் "என் வண்டி புகையே விடுவதில்லை" என்று சொன்னவரின் வண்டியிலும் புகையை அளக்கும் மீட்டர் 5.9 சதவீதம் கார்பன் மோனாக்சைடு காட்டியது.

இரண்டாவது காரணம் கையிலேயே இருந்தது. ஒரு பையன் கார்புரேட்டரைக் கழற்றி, அடைப்பு எடுக்கிறேன் என்று கிளட்ச் கேபிளின் ஒற்றை இழையை மெயின் ஜெட்டுக்குள் விட்டுக் குடைந்தான். நான் தடுத்ததும் புரியாமல் பார்த்தான். அவன் குரு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நம்மூரில் என் குருவும் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். பித்தளை மென்மையானது, எஃகு இழை அதைத் தேய்த்துவிடும். புதிய ஜெட்டையும் அவன் வருடக்கணக்காகக் குடைந்த ஜெட்டையும் பக்கத்தில் வைத்து, கைப்பேசியின் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தோம். புதியதின் துளை சுத்தமான வட்டம், பழையது முட்டை வடிவம். 22 பேரும் முறை வைத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பட்டறையில் யாரும் கம்பியைத் தொடவில்லை. சுத்தம் செய்யும் திரவமும் காற்றும் மட்டும்தான்.

வேலை வரிசை இதுதான்: எஞ்சின் ஆறியதும் டேப்பட் (வால்வு) இடைவெளி, ஏர் ஃபில்டர், மிதவையின் உயரம், பிறகு மெயின் ஜெட் ஓரிரு அளவு சின்னதாக, கடைசியில் ஐட்லிங் ஸ்க்ரூ. ஸ்க்ரூவில் மட்டும் ஒரு எச்சரிக்கை. அது ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் காற்று ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் பெட்ரோல்-காற்றுக் கலவை மெலியும். எஞ்சின் பக்கம் இருந்தால் பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருப்பினால் கலவை தடிக்கும். இதைப் பார்க்காமல் எல்லா வண்டிக்கும் ஒரே பக்கம் திருப்புகிறவர்கள் ஓசூரிலும் உண்டு.

முதல் வண்டியில் ஐட்லிங்கில் 6.8 சதவீதமாக இருந்த கார்பன் மோனாக்சைடு 2.9க்கு இறங்கியது. நம்மூர்ப் புகைச் சோதனையில் 2000-க்குப் பிறகு வந்த பைக்குகளுக்கு நாம் பல வருடம் பார்த்துப் பழகிய எல்லை 3.5. மீட்டரில் எண் கீழே போவதைப் பார்த்தபோது கூட்டத்தில் எழுந்த சத்தம் இன்னும் எனக்குக் காதில் இருக்கிறது.

அங்கே ஒரு மூத்த ஃபுண்டி இருந்தார். அறுபது வயதிருக்கும். எல்லோரும் 'ம்ஸே' என்று கூப்பிட்டார்கள், பெரியவரே என்கிற மாதிரி. என்னை 'ம்வாலிமு', வாத்தியார் என்றார்கள். ம்ஸே மீட்டரைத் தொடமாட்டார். சைலன்சர் வாயருகே உள்ளங்கையை ஒரு நொடி காட்டுவார், மூக்கருகே கொண்டுபோவார், "அதிகம்" அல்லது "சரி" என்பார். ஒரு மத்தியானம் பத்து வண்டியில் அவர் சொல்வதை முதலில் எழுதிக்கொண்டு பிறகு மீட்டரை வைத்தோம். எட்டு சரியாக இருந்தது. தவறிய இரண்டிலும் அவர் சரி என்றது மீட்டரில் நான்குக்கு மேல். அன்றிலிருந்து அந்த இடைவெளியைப் பிடிக்க அவரே மீட்டர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார ஆரம்பித்தார். பயிற்சியில் எனக்கு மிகப் பெரிய நிறைவு தந்த நாள் அது.

டீசலுக்கு ஒரு வாரம்தான் ஒதுக்க முடிந்தது. ஊருக்குள் பயணிகளை ஏற்றி ஓடும் மட்டாட்டு வேன்களில் இழுவை வேண்டும் என்று பம்ப்பின் ஸ்க்ரூவைத் திருகிக் கூடுதல் டீசல் விடுகிறார்கள். இழுவை கொஞ்சம் கூடும், கரும்புகை நிறையக் கூடும். எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதனைக் கருவியில் அடித்துப் பார்த்தபோது, பனிமூட்டம் மாதிரி விரிய வேண்டிய டீசல் குழாயில் தண்ணீர் பீய்ச்சுகிற மாதிரி ஒரே கோடாக வந்தது. டீசலின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2015 ஜனவரியிலேயே 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) கந்தகத்துக்கு வந்துவிட்டன. மண்ணெண்ணெய் கலப்படத்தைத் தடுக்க 2018-இல் கென்யா மண்ணெண்ணெய்க்குத் தனித் தீர்வையே போட்டது. எரிபொருள் சுத்தமான பிறகு மிச்சப் புகை இன்ஜெக்டரின் நாசிலிலும் நம் கையிலும்தான் இருக்கிறது.

கார்களில் ஒரு பழக்கம் நம்மூரை அப்படியே நினைவுபடுத்தியது. வெப்ப நாடு, இது எதற்கு என்று, எஞ்சின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். கென்யா எட்டு வயதுக்கு மேற்பட்ட பழைய காரை இறக்குமதி செய்ய விடுவதில்லை. பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வருபவை, நல்ல நிலையில் வருபவை. அந்த எஞ்சினின் கணினி, தெர்மோஸ்டாட் இல்லாமல் சூடேறாத தண்ணீரைப் பார்த்து 'இன்னும் குளிராக இருக்கிறது' என்று கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். நைரோபியின் ஜூலைக் காலையில் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, மின்வண்டிக்கு வருகிறேன்.

எடுத்துக்கொண்டது ஒரு பாக்ஸர் 150. ஏகப்பட்ட கிலோமீட்டர் ஓடி, சிலிண்டரைப் பலமுறை கடைந்து பெரிதாக்கி, இனி கடைய இடமில்லாத வண்டி. கிளப்பினால் நீலப் புகை. எரிவது எஞ்சின் ஆயில் என்பதால் ஜெட்டை மாற்றிப் பயனில்லை. ஃபிரேம், ஃபோர்க், பிரேக் எல்லாம் நன்றாக இருந்தன. இப்படிப்பட்ட வண்டியைத்தான் மாற்ற வேண்டும். எஞ்சின் நன்றாக உள்ள வண்டியை மாற்றுவதற்கு ஆகும் செலவில் ஐம்பது வண்டியின் கலவையைச் சரிசெய்துவிடலாம். அதில் குறையும் புகை அதிகம். செலவில் பாதிக்கு மேல் பேட்டரியே விழுங்கியது.

பிறகு எதற்கு மாற்ற வேண்டும் என்று ம்ஸேயே கேட்டார். அவருக்கு நான் சொன்னது: மின்பைக் ஏற்கெனவே வந்துவிட்டது. ருவாண்டாவில் ஆம்பர்சாண்ட் என்ற நிறுவனம் பேட்டரி மாற்றித் தரும் நிலையங்களோடு ஓட்டிக்கொண்டிருக்கிறது. இதே நைரோபியில் 2017-இல் ஓப்பிபஸ் என்ற பெயரில் சஃபாரி லேண்ட் குரூஸர்களை மின்வண்டியாக மாற்றத் தொடங்கியவர்கள், இன்று ரோம் என்ற பெயரில் புதிய மின்பைக்குகளையே தயாரிக்கிறார்கள். நாளை அந்த வண்டி ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் வாசலில் நின்றுபோனால், திறக்கத் தெரிந்த ஃபுண்டி அங்கே இருக்க வேண்டும். தெருமுனையில் பழுது பார்க்க முடியாத வண்டியை எந்தப் போடாக்காரரும் இரண்டாம் முறை வாங்கமாட்டார். ஒரு வண்டியை நாமே வெட்டி ஒட்டினால்தான் அந்தக் கை வரும்.

மோட்டாரைச் சக்கரத்துக்குள்ளேயே வைக்கும் ஹப் மோட்டார் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். மண்சாலைக் குழிகளில் அந்தக் கனமே ஸ்போக்கை உடைக்கும். 72 வோல்ட், 3 கிலோவாட் மோட்டாரை எஞ்சின் இருந்த இடத்தில் வைத்துச் செயின் வழியாக ஓட்டினோம். செயினும் ஸ்ப்ராக்கெட்டும் கிரின்யாகா ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும்.

எஞ்சினை இறக்க ஒரு மணி நேரம். மோட்டாரை உட்கார வைக்க மூன்று நாள். அட்டைப்பெட்டியை வெட்டி அச்சு எடுத்து, அதை வைத்து 8 மில்லிமீட்டர் தகட்டை வெட்டினோம். முதலில் வெல்டிங்கைப் புள்ளி புள்ளியாக மட்டும் வைத்து, இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளின் பக்கவாட்டில் நேர்ச்சட்டத்தைப் பிடித்துப் பார்த்தால் மூன்று மில்லிமீட்டர் விலகல். "பரவாயில்லை, ஓடும்" என்றார்கள். ஓடும், இரண்டாயிரம் கிலோமீட்டரில் செயின் பல்லைத் தின்றுவிடும். பெட்ரோல் வண்டியில் எஞ்சின் சத்தத்தில் செயின் சத்தம் மறைந்துபோகும். மின்வண்டியில் அது மட்டும்தான் கேட்கும். புள்ளிகளை உடைத்து மறுபடி வைத்தோம்.

கியர் கணக்கு இப்படி: பின்சக்கரம் ஒரு சுற்றுக்கு 1.83 மீட்டர் போகும். மணிக்கு 60 கிலோமீட்டரில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 547 சுற்று. மோட்டாருக்குள் 2.35 மடங்குக் கியர் இருக்கிறது. முன்னே 14 பல், பின்னே வண்டியிலிருந்த 42 பல் என்றால் மொத்தம் 7 மடங்கு. மோட்டார் 3,850 சுற்றில் ஓடும். வேகத்துக்குச் சரி. ஆனால் வெஸ்ட்லேண்ட்ஸிலிருந்து கங்கேமி போகும் ஏற்றத்தில் இரண்டு பயணிகளை வைத்து ஓட்டியபோது, மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கண்ட்ரோலர் கைவைக்க முடியாத சூடு. பின்னே 48 பல் போட்டோம், எட்டு மடங்கு. அதிகபட்ச வேகம் குறைந்தது, சூடு அடங்கியது. மூன்று பேர் கனத்தோடு பத்துக்கு ஒன்று ஏற்றத்தை 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறவே 3 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும் என்பதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அப்புறம் ஒரு நல்ல விஷயம்: மோட்டாருக்குக் காற்று தேவையில்லை, கடற்கரை மொம்பாசாவிலும் நைரோபியிலும் ஒரே இழுவைதான். ஜெட்டோடு மூன்று வாரம் மல்லுக்கட்டியவர்களுக்கு அது உடனே பிடிபட்டது.

பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட், 40 ஆம்பியர்-மணி. 24 செல்கள் வரிசையாக, சராசரி 76.8 வோல்ட், முழுதாக ஏறினால் 87.6. ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம் பிடிக்கும். பெட்டிக்குக் கமுகுஞ்சி சந்தைக்குப் போனோம். அங்கே பள்ளிப் பிள்ளைகள் விடுதிக்குக் கொண்டுபோகும் தகரப் பெட்டிகளைச் சுத்தியலாலேயே மடித்துச் செய்கிறார்கள். அளவைச் சொன்னதும் தொழிலாளி ஒருவர் ஓரங்களை இரட்டையாக மடித்து, மூடிக்குத் தண்ணீர் வழியும் உதடு வைத்து, மறுநாளே கொடுத்தார். உள்ளே ரப்பர் விரிப்பு, செல்களை இறுக்கிப் பிடிக்க இரண்டு பக்கமும் தகடு, அதிர்வுக்குக் கீழே டயர்த் துண்டு.

இங்கே ஒரு விபத்தையும் எழுத வேண்டும். கண்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் உண்டு. காலியாக இருக்கும் அவற்றோடு பேட்டரியை நேராக இணைத்தால் அந்த நொடியில் பெருமின்னோட்டம் பாயும். முதலில் மின்னோட்டத்தைக் குறைக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக நிரப்ப வேண்டும். நான் இதை முந்தின நாளே சொல்லியிருந்தேன். ஆனால் பலகையில் எழுதி மாட்டவில்லை. காலையில் சீக்கிரம் வந்த ஒரு பையன் இணைப்பைப் போட்டுவிட்டான். துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம், கனெக்டர் முனை உருகிக் கருகியது, அவன் கட்டைவிரல் நுனியில் கொப்புளம். கையில் மோதிரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை. அன்றே விதிகளைச் சுவரில் பெயிண்டால் எழுதினோம்: மோதிரம், கடிகாரம், சங்கிலி கழற்று; ஸ்பேனர் கைப்பிடிக்கு டேப் சுற்று; இருவர் இல்லாமல் பேட்டரிப் பெட்டியைத் திறக்காதே; முதலில் ரெசிஸ்டர், பிறகுதான் மெயின்.

மோட்டாரை முதலில் ஓடவிட்டபோது அது ஓடாமல் நடுங்கியது. மூன்று தடிமனான கம்பிகளின் வரிசை தப்பு. ஆறு விதமாக மாற்றலாம், ஒன்றே ஒன்றுதான் சரி. நம்மாட்கள் கண்டபடி மாற்றிப் பார்க்கத் தயாரானார்கள். கைப்பேசி பழுதுபார்க்கும் கடையிலிருந்து வந்த ஒரு பையன், சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லி, மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் ஒவ்வொரு ஹால் சென்சார் கம்பியிலும் மல்டிமீட்டர் பூஜ்யத்துக்கும் ஐந்து வோல்ட்டுக்கும் மாறி மாறிப் போகிறதா என்று பார்த்து, மூன்றும் நலம் என்று உறுதி செய்த பிறகே கம்பிகளைத் தொட்டான், ஒரு வரிசை முடிந்ததும் குறித்துக்கொண்டே. நான்காவது முறை சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. இருபது வருடம் எஞ்சின் பார்த்தவருக்கு இல்லாத பொறுமை செல்போன் பிரித்தவனிடம் இருந்தது. அடுத்த நாளிலிருந்து ஒரு பைக் ஆளுக்கு ஒரு செல்போன் ஆள் என்று ஜோடி போட்டுவிட்டேன்.

இறக்கிய எஞ்சினை விற்க வண்டிக்காரர் விரும்பினார். விற்றால் அது இன்னொரு வண்டியில் ஏறி அதே நீலப் புகையை விடும். இரும்பு விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்து நாங்களே வாங்கி, சிலிண்டரையும் கிராங்க்கேஸையும் அறுத்து, பிஸ்டன் ரிங் தேய்மானம் தெரிகிற மாதிரிப் பாட மேசையில் வைத்தோம்.

ஓட்டிப் பார்த்ததில் ஒரு பயணியோடு கிலோமீட்டருக்கு 38 வாட்-மணி. பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் வைத்தால் 64 கிலோமீட்டர். இரண்டு பயணிகள் என்றால் 53. இந்த வண்டிக்காரர் தினம் 120 கிலோமீட்டர் ஓட்டுகிறவர். ஒரு சார்ஜ் போதாது, மத்தியானம் மூன்றரை மணி நேரம் நிற்க வேண்டும், அல்லது இரண்டாவது பேட்டரி. இதை மறைக்காமல் சொன்னேன். அவர் தன் கணக்கைப் போட்டார்: பெட்ரோலில் லிட்டருக்கு 45 கிலோமீட்டர், நாளுக்கு 560 ஷில்லிங். மின்சாரத்தில் சார்ஜர் இழப்பையும் சேர்த்து ஐந்தரை யூனிட். யூனிட்டுக்கு 30 ஷில்லிங் என்று வைத்தாலும் 165. சாப்பிடும் நேரத்தையும் கூட்டம் இல்லாத நேரத்தையும் சேர்த்தால் நின்றுவிடலாம் என்றார். அந்த மின்சாரமும் புகையில் வந்ததல்ல. கென்யாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிலத்தடி வெப்பம், நீர், காற்று, வெயில் ஆகியவற்றிலிருந்து வருகிறது. நைவாஷா பக்கம் ஒல்காரியாவில் பூமிக்குள்ளிருந்து வரும் நீராவியில் 1981 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வேனில் கூட்டிப்போய்த் தூரத்திலிருந்து அந்த வெள்ளை நீராவியைக் காட்டினேன். "மோஷி" என்றான் ஒருவன், புகை என்று. "மோஷி இல்லை, தண்ணீர்" என்று ம்ஸே திருத்தினார்.

நவம்பரில் எல் நினோ மழை கொட்டியது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஒன்பதாவது வாரம், அவுட்டர் ரிங் ரோட்டில் வண்டி நின்றுவிட்டதாக ஃபோன் வந்தது. நான் கிளம்புவதற்குள் செல்போன் கடைப் பையன் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு இன்னொரு வண்டியில் ஏறிவிட்டான். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு கடையின் தாழ்வாரத்தில் வண்டியை நிறுத்தி, ஆக்சிலேட்டர் கனெக்டரைப் பிரித்து வைத்திருந்தான். பிடியைத் தொடாதபோது 0.8 வோல்ட் காட்ட வேண்டிய கம்பியில் 1.4 இருந்தது என்றான். ஆக்சிலேட்டர் திருகியிருப்பதாக நினைத்துக் கண்ட்ரோலர் பாதுகாப்புக்காகக் கிளம்ப மறுத்திருக்கிறது. கனெக்டருக்குள் தண்ணீர். ஊதிக் காயவைத்து, கிரீஸ் அடைத்து, வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, கம்பியில் தண்ணீர் சொட்டி விழ ஒரு வளைவு விட்டுக் கட்டினான். சாவியைத் திருப்பினான், பச்சை விளக்கு வந்தது. வண்டிக்காரர் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு, காத்திருந்த பெண்ணை ஏற்றிக்கொண்டு போனார்.

பட்டறைக்குத் திரும்பியதும் அவன் கை துடைக்காமலே சுவருக்குப் போனான். பெயிண்டில் எழுதிய விதிகளுக்குக் கீழே சாக்பீஸால் '0.8' என்று எழுதி, பக்கத்தில் ஸ்வாஹிலியில் ஒரு வரி சேர்த்தான். ம்ஸேயிடம் அர்த்தம் கேட்டேன். "கனெக்டரின் வாய் எப்போதும் தரையைப் பார்க்கட்டும்" என்றார்.